சாலையைக் கடப்பவரையும் எண்ணுங்கள்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், வாலாஜாபாத்தை ஒட்டிய ஒரு காலனியின் முகப்பில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ் எதிர்ப்பக்கம் வரும். கொஞ்ச நேரத்தில் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பால் சங்கம் எதிர்ப்பக்கம். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிக்கூடமும் எதிர்ப்பக்கம். பிறகு மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஏரியும் எதிர்ப்பக்கம்தான். இவர்களுக்கு நடுவே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

இவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாலையில் நெடுந்தூரம் போகிறவர்கள் அல்லர். அதைக் கடக்கிறவர்கள். சாலையை அகலப்படுத்தத் திட்டம் போடும்போது, அதன் மேல் ஓடும் வண்டிகளை ஒன்றுவிடாமல் எண்ணுகிறோம். அதைக் கடக்கும் மனிதர்களை அதே அக்கறையோடு எண்ணுகிறோமா என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சாலை வேண்டும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தச் சாலை அகலமாக வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரை செல்லும் மாநில நெடுஞ்சாலை எண் 58 இது. வாலாஜாபாத்தில் இதோடு வண்டலூரிலிருந்து வரும் மாநில நெடுஞ்சாலை எண் 48 வந்து சேர்கிறது. அந்தச் சாலையில்தான் ஒரகடம் இருக்கிறது. ஒரகடத்துக்கு ஒரு பக்கம் சிங்கப்பெருமாள்கோவில், மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர். கார் தொழிற்சாலை, உதிரிபாகத் தொழிற்சாலை, செல்போன் தொழிற்சாலை, கிடங்குகள் என்று வளர்ந்துவிட்ட வட்டாரம் இது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டியும் நகரப் பேருந்தும் ஓடிய கிராமச் சாலைகளில் இப்போது கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன.

சென்னை – கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்துக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 48.4 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 23 மாவட்டங்களில் சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்துவது அதன் நோக்கம். செங்கல்பட்டு – காஞ்சிபுரம் சாலையை நான்கு வழியாக்குவதும் அதில் சேர்ந்தது. இருவழிச் சாலையில் எதிரெதிராக வரும் வண்டிகள் மோதுவதுதான் மிகக் கொடிய விபத்து. நடுவில் தடுப்பு வந்தால் அது குறையும். ஆம்புலன்ஸ் வேகமாகப் போகும். நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்வரும் நேரம் குறையும். இவை எல்லாம் உண்மை.

ஆனால் நீள வாக்கில் பாதுகாப்பான ஒரு சாலை, குறுக்கு வாக்கில் அதைவிட ஆபத்தானதாக மாறவும் கூடும். அந்த ஆபத்து எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை.

காலனி ஏன் எதிர்ப்பக்கம் இருக்கிறது?

ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பது தற்செயல் அல்ல. ஊருக்கு வெளியே, வயலுக்கு அப்பால், ஏரிக்கரைக்குக் கீழே சேரியை வைத்தது சாதி. பிற்காலத்தில் அரசு வீட்டுமனைப் பட்டா கொடுத்தபோதும், ஊருக்குள் இடம் கொடுக்கப்படவில்லை. கிடைத்த மேட்டு நிலத்தில், பல இடங்களில் பெரிய சாலையை ஒட்டி, ஆதிதிராவிடர் காலனிகள் அமைந்தன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பால் சங்கம், கூட்டுறவு வங்கி, பேருந்து நிறுத்தம் ஆகியவை ஊர்ப்பக்கமே நின்றன. மயானம் வேறொரு திசையில்.

ஆக, ஊர்த்தெருவில் வாழ்கிறவர் சாலையைக் கடப்பது எப்போதாவது. காலனியில் வாழ்கிறவர் கடப்பது ஒரு நாளைக்கு நான்கு முறை, ஆறு முறை. அரிசி வாங்கக் கடக்க வேண்டும், கையெழுத்துப் போடக் கடக்க வேண்டும், பிள்ளையைக் கூட்டிவரக் கடக்க வேண்டும், செத்தவரைப் புதைக்கவும் கடக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த விகிதம் அதைவிடக் கூடுதல். இப்படிப்பட்ட மாவட்டத்தில் சாலை எங்கே கடக்கப்படுகிறது என்பது சாதியோடு பிணைந்த கேள்வி.

சாலை விபத்துக் கணக்கில் இது தெரியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்ததாகச் சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இறந்தவரின் வயது, ஆணா பெண்ணா, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்ற விவரமெல்லாம் அந்த அறிக்கையில் உண்டு. அவர் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகக் கடந்தார் என்ற விவரம் இல்லை.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

சாலைத் திட்டத்தின் அடிப்படை ஒரு கணக்கு. மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வெளியிடும் வழிகாட்டி நூல்களை வைத்தே நாடு முழுவதும் சாலைகள் வடிவமைக்கப்படுகின்றன. கிராமப்புறச் சாலைகளின் கொள்ளளவு பற்றிய 1990ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்புக் கொடுக்கிறது. அதற்கு ‘பயணிகார் அலகு’ என்று பெயர். ஒரு கார் என்றால் 1. மோட்டார் சைக்கிள் 0.5. பஸ், லாரி 3. டிரெய்லர் லாரி 4.5. மாட்டு வண்டி 8. சமவெளியில் உள்ள இருவழிச் சாலைக்கு ஒரு நாளைக்கு 15,000 அலகு தாங்கும் திறன் என்றும், நான்கு வழிச் சாலைக்கு 35,000 அலகு என்றும் அது சொல்கிறது. 5,000 லாரி ஓடினாலே இருவழிச் சாலை நிரம்பிவிடும். கல்குவாரியும் தொழிற்சாலையும் உள்ள பகுதியில் சாலை ஏன் இத்தனை வேகமாகப் போதாமல் போகிறது என்பது இப்போது புரியும்.

அந்த அட்டவணையில் கைவண்டிக்குக்கூட மதிப்பு உண்டு. தலையில் புல்லுக்கட்டோடு நடந்து கடக்கும் பெண்ணுக்கு இல்லை.

நடப்பவருக்கென்று தனி வழிகாட்டி ஒன்று இருக்கிறது, எண் 103. அதில் ஒரு சூத்திரம் உண்டு. நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடப்பவர்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை பத்துக் கோடியைத் தாண்டினால், கட்டுப்படுத்தப்பட்ட கடவை ஒன்று தேவை. சாலை நடுவில் மீடியன் இருந்தால், இருபது கோடியைத் தாண்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 1,000 வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தின் வர்க்கம் பத்து லட்சம். இருவழிச் சாலையாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் 100 பேர் கடக்க வேண்டும். மீடியன் வைத்த நான்கு வழிச் சாலை என்றால் 200 பேர். எண்பது வீடு உள்ள காலனியில் ஒரே மணி நேரத்தில் 200 பேர் எப்படிக் கடப்பார்கள்? விடியற்காலை இருபது பேர், பள்ளி நேரத்தில் ஐம்பது பேர், சாயங்காலம் முப்பது பேர் என்று பிரிந்துதான் கடப்பார்கள். அந்த நாற்பது வயதுப் பெண் தினமும் கடக்கிறார், ஆண்டு முழுக்கக் கடக்கிறார். ஆனாலும் சூத்திரத்தில் தேறுவதில்லை. லாரிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடும் பாட்டி கணக்கிலேயே வருவதில்லை.

நகரத்து மார்க்கெட் தெருவுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தலாம். சிறிய காலனிக்குப் பொருந்தாது. ஆனால் அதே வழிகாட்டியில் வேறு காரணங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. வண்டிகள் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும், கடப்பவர் மிக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும், பாதசாரிகள் அடிபட்ட பதிவு இருந்தாலும் கடவை கேட்கலாம். நான்கு வழியான பின் எந்த வண்டி 65-க்குக் கீழே ஓடும்? ஆட்கள் எண்ணிக்கை போதவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், இந்த இடத்தைக் காட்டிக் கேட்கலாம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் நடப்பவர் இறக்கும் அபாயத்தோடு ஒப்பிட்டால், 65 கிலோமீட்டரில் அது நாலரை மடங்கு. பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஓட்டுநருக்கு அது ஆக்சிலேட்டரில் ஒரு சின்ன அழுத்தம்.

மீடியன் வந்த பிறகு

நான்கு வழியாக்கிய பிறகு என்ன நடக்கும் என்பது, ஏற்கெனவே அகலப்படுத்திய சாலைகளைப் பார்த்தாலே தெரியும். நடுவில் மீடியன் வரும். அதில் ஊர்ச் சந்திப்பில் ஒரு திறப்பு இருக்கும். அடுத்த திறப்பு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காலனிக்கு நேர் எதிரே இருக்காது. டூவீலரில் போகிறவர் ஒரு கிலோமீட்டர் போய், திரும்பி, மறுபடி ஒரு கிலோமீட்டர் வர வேண்டும். சிலர் சாலையோரமாக எதிர்த்திசையில் ஓட்டுவார்கள். நடப்பவர்கள் மீடியன் சுவரை ஏறித் தாண்டுவார்கள். சில இடங்களில் செடிகளை ஒதுக்கி, கல்லை அடுக்கி, அவர்களே ஒரு படி அமைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் விபத்து நடக்கும். ‘சாலை விதியை மீறிக் கடந்தார்’ என்று வழக்குப் பதிவாகும். வழியே இல்லாத இடத்தில் விதி எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரவு பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கம்பெனி பஸ் அவரை ஊர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஹைமாஸ் விளக்கு அங்கே இருக்கிறது. காலனி முகப்பில் இல்லை. இருட்டில் அரை கிலோமீட்டர் நடந்து, மீடியனைத் தாண்டி, வீட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பெண்ணின் உழைப்பை நம்பித்தான் தொழில் வழித்தடம் என்று அந்தச் சாலைக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

மயானப் பாதை இதைவிடக் கசப்பானது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மயானத்துக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தால் அடைபட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. அந்தக் காட்சி நாட்டையே உலுக்கியது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பாலம் இருந்தது, சாலையும் இருந்தது. இறுதி ஊர்வலம் போகும் வழி மட்டும் இல்லை. புதிதாகப் போடும் சாலைகளில் இதே தவறு வேறு வடிவில் நடக்கக் கூடாது. மயானப் பாதை சாலையைச் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.

கேட்க வேண்டிய இடத்தில் சட்டம் கதவை மூடியது

2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், திட்டம் தொடங்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. யாருடைய வாழ்க்கை எப்படி மாறும், எந்தப் பாதை அடைபடும் என்று மக்களிடமே கேட்டு எழுதும் ஏற்பாடு அது. ஆனால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் கீழ் நிலம் எடுக்கும்போது அந்த மதிப்பீடு தேவையில்லை என்று விலக்குப் பெறப்பட்டது. அந்த விலக்கை 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. மாநில அரசு மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகைக் கணக்கு 2013 சட்டப்படி நடக்கிறது. ஆனால் நிலம் போகாதவர், வழி மட்டும் போனவர், யாரிடம் சொல்வது? காலனியில் பலருக்குச் சாலையோரத்தில் நிலமே இல்லை. அவர்கள் இழப்பது கடக்கும் உரிமை. அதற்கு இழப்பீட்டுப் பட்டியலில் தலைப்பே இல்லை.

ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை இந்த இடத்தில் நமக்கு உதவும். அந்த வங்கியின் கடனில் நடக்கும் திட்டங்களில், பட்டா இல்லாமல் புறம்போக்கில் வாழ்கிறவருக்கும் வீடு, கடை போன்ற கட்டுமானத்துக்கு இழப்பீடு தர வேண்டும். பாதிக்கப்படுகிறவர்களிடம் முறையாகக் கலந்து பேச வேண்டும். திட்ட ஆவணங்களை வங்கியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் படித்து, தங்கள் காலனிப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னால், அதைவிடப் பெரிய தொண்டு இல்லை.

பஞ்சமி நிலத்தையும் மறக்கக் கூடாது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியது இதே மண்ணைப் பார்த்துத்தான். அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த ஆணையால் தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிலம் பிறருக்குக் கைமாறக் கூடாது என்பதே நிபந்தனை. இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு கதை. அந்த நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போராடியபோது, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். சாலைக்காக அப்படி ஒரு நிலம் எடுக்கப்பட்டால், இழப்பீடு யார் கைக்குப் போகும்? இன்று பட்டாவில் பெயர் உள்ளவருக்கா, ஒப்படை பெற்றவரின் வாரிசுக்கா? தொகை வழங்கும் முன் பழைய அ-பதிவேட்டைப் பார்த்து, பஞ்சமி நிலம் உள்ளதா என்று ஒவ்வொரு சர்வே எண்ணிலும் சரிபார்க்க வேண்டும். இது தொகை கொடுத்த பிறகு செய்யும் வேலை அல்ல.

என்ன செய்ய வேண்டும்?

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. சாலைக்கு வரைபடம் போடும்போதே செய்துவிட்டால் செலவும் குறைவு.

முதலாவது, மீடியன் கோடு வரைவதற்கு முன் கடவைகளை வரையுங்கள். ஊர், காலனி, பள்ளி, மயானம், ஏரி, ரேஷன் கடை ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்து, மக்கள் இன்று நடக்கும் பாதைகளை அதில் கோடாகப் போடுங்கள். அந்தக் கோடு சாலையை வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் திட்ட அறிக்கையில் ஒரு பதில் இருக்கட்டும்.

இரண்டாவது, இடத்துக்கு ஏற்ற தீர்வு வேண்டும். படியேறிக் கடக்கும் நடைமேம்பாலத்தைத் தலையில் சுமை உள்ளவரும் மூட்டுவலிக்காரரும் பயன்படுத்த மாட்டார்கள். சுரங்கப்பாதை நல்லது, மாடும் போகும். ஆனால் ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் வடிகால் இல்லாத சுரங்கப்பாதை ஐப்பசி கார்த்திகையில் குளமாகிவிடும். பள்ளமான இடத்தில் சாலையையே கொஞ்சம் உயர்த்தி, அடியில் நடைவழி விடலாம். சமதரையில் கடக்க வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைக்கும் மேடை, நடுவில் நின்று மூச்சுவிட இடம், இரவில் விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வேண்டும். வெறும் வெள்ளைக்கோடு போட்டால் போதாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிப்பர் லாரிக்கு அந்தக் கோடு தெரியாது.

மூன்றாவது, காலனி வாசலிலும் பேருந்து நிறுத்தமும் நிழற்குடையும் வேண்டும், இரண்டு பக்கமும். கம்பெனி பஸ்கள் அங்கே நின்று ஏற்றி இறக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். வாகனம் போகும் சாலையோடு கலக்காமல், காலனியை ஊர்ச் சந்திப்போடு இணைக்கும் அணுகு சாலையும் நடைபாதையும் வேண்டும்.

நான்காவது, கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் காலனியிலும் நடத்துங்கள். ஊர்ச் சாவடியில் நடக்கும் கூட்டத்தில் பெரிய நிலக்காரர் எழுந்து பேசுவார்; சுரங்கப்பாதை அவர் தோப்புக்கு நேராக வரும். காலனிப் பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, அவர்கள் தெருவில், அவர்கள் பேசும் நேரத்தில் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, இந்தச் செலவு சாலையின் செலவு. ஆதிதிராவிடர் நலத்துக்கான நிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கக் கூடாது. சாலை வந்ததால் வந்த ஆபத்தைத் தீர்க்கும் பொறுப்பு அந்தச் சாலைத் திட்டத்தையே சேரும்.

வேலையை நாமும் தொடங்கலாம்

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு காலனியிலும் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்தக் கணக்கை எடுத்துவிடலாம். வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை, முறை வைத்து உட்கார வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோடு கிழித்து, கடப்பவர்களைக் குழந்தை, பெண், ஆண், முதியவர், சுமையோடு செல்பவர், சைக்கிள், மாடு என்று பிரித்து எண்ணுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்து கடந்தார்கள் என்று சிலருக்கு மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்தில் யார் யார் அடிபட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, தேதியோடு எழுதுங்கள். சாலை நடுவில் நிற்காதீர்கள். ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து எண்ணினால் போதும்.

அந்தக் கணக்கைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ‘எங்கள் காலனிக்கு எதிரே, இந்த இடத்தில் கடவை வேண்டும்’ என்று இடம் குறிப்பிட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பொதுவாக ‘சாலைப் பாதுகாப்பு வேண்டும்’ என்ற தீர்மானத்தால் பயனில்லை. தீர்மான நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவரே. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் பகுதியின் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வடிவமைப்பின்போது, கட்டும்போது, திறப்பதற்கு முன் என்று கட்டம் கட்டமாகத் தணிக்கை செய்ய வழிகாட்டி உண்டு. சாலை வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ உரிய தரம் பின்பற்றப்படாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. அதிகம் பேருக்கு அது தெரியாது.

இன்னும் ஒரு செய்தியை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டாலும் நிவாரணம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி நம்பர் தெரியாது, இனி என்ன செய்வது என்று அழுதுவிட்டு அமர்ந்துவிடும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் பணத்துக்குப் பயந்து தயங்க வேண்டாம்.

பணம் போன உயிரைக் கொண்டுவராது. உயிர் போகாமல் இருக்கத்தான் சாலைக்குத் திட்டம் போட வேண்டும். சேரியை ஊரிலிருந்து பிரித்து வைத்த கோடு, பழைய காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு. அதை அழிக்கத்தான் இத்தனை தலைமுறை போராடியது. அதே இடத்தில் இரண்டரை அடி உயரத்துக்கு கான்கிரீட்டில் ஒரு கோட்டை அரசே போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. எத்தனை லாரி போகிறது என்று எண்ணுகிற கையால், எதிர்ப்பக்கம் போக நிற்கிறவரையும் எண்ணுங்கள். அவர் நின்று காத்திருப்பது இன்று நேற்றல்ல.